புதிய பாட்டு வந்து சேரும் வழி

பாட்டு ஒன்று பிறப்பதற்குப் பாடுவோர் போதும். அது வாழ்வதற்குக் கேட்போர் வேண்டும். பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே ஒரு வழியும் வேண்டும். வழி அடைபட்டால் நல்ல பாட்டும் பிறந்த ஊரிலேயே மடிந்துபோகும். அவ்வழியின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு ஓமந்தை என்னும் சிற்றூர் தக்க சான்றாக விளங்குகின்றது.

வவுனியா நகருக்கு வடக்கே, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது ஓமந்தை. குளமும் வயலும் காடும் சூழ்ந்த வன்னி ஊர் அது. புகையிரத நிலையம் ஒன்றும் அங்கு உண்டு. போர்க்காலத்தில் அவ்வூரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. அங்கிருந்த சோதனைச் சாவடியே அதற்குக் காரணம். மனிதரும் பொருளும் நின்று, இறங்கி, சோதிக்கப்பட்டுச் சென்ற வாயில் அது. ஆனால் வாயில் எதனையும் மதியாது கடந்து வரும் விருந்தாளி ஒருவர் அவ்வூருக்கு நெடுங்காலமாகவே இருந்தார். அவர் பெயர் வானொலி.

வானொலி எவ்வாறு கடந்து வந்தது? மத்திய அலையானது பகற்பொழுதில் நிலத்தைத் தழுவிச் செல்லும். இரவு வந்ததும் மேல் வளிமண்டலத்திலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அப்பால் இறங்கும். சிற்றலையோ அவ்வாறு பலமுறை எதிரொலித்துக் கடல் கடந்தும் செல்லும். ஆகவே கொழும்பில் எழுந்த ஒலியையும், பாக்குநீரிணைக்கு அப்பால் 1939 இல் தொடங்கப்பெற்ற திருச்சி நிலையத்தின் ஒலியையும் வன்னியின் குடிசை ஒன்றில் இருந்தவாறே கேட்க முடிந்தது. வால்வு பொருத்திய பழைய பெட்டிகளுக்கு மின்சாரமோ பாரமான மின்கலமோ வேண்டியிருந்தது. 1947 இல் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்டர் அந்தத் தளையை அறுத்தது. சில மின்கலங்களால் இயங்கும் சிறு பெட்டி உழவரின் வயல் வரம்புக்கும் வந்து சேர்ந்தது.

அப்பெட்டியில் ஒலித்தது எது என்பதே அடுத்த கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் நிறுவப்பெற்ற ஆற்றல்மிக்க சிற்றலை நிலையம், போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ உருவாயிற்று. 1950 இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. அதே காலத்தில் இந்தியாவில் செய்தி, ஒலிபரப்பு அமைச்சராக 1952 இல் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் செவ்வியல் இசையைச் சிதைக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றின் இடத்தைக் குறுக்கினார். இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957 இல் விவித பாரதி தொடங்கப்பட்டு இந்தியா தன் நேயர்களை மீட்க முயன்றபோது, இலங்கை வானொலி அவர்கள் உள்ளத்தில் ஏற்கெனவே இடம்பிடித்து விட்டது.

இவ்வாறு ஓமந்தையில் இருந்தவரும் சென்னையில் இருந்தவரும் ஒரே புதிய பாட்டை ஒரே நேரத்தில் கேட்கும் நிலை பிறந்தது. நகரத்து இசைத்தட்டுக் கடைக்குப் போகும் வசதி இல்லாதவனுக்கும் அப்பாட்டு கிட்டியது. பெட்டி ஒன்று, கேட்போர் பலர். வீட்டுத் திண்ணையில் ஒலிக்கும் பாட்டு அடுத்த வீட்டு வேலிக்குள்ளும் நுழைந்துவிடும். ஒருவர் விரும்பாத பாட்டையும் மற்றவருக்காகக் கேட்க நேரும். பலமுறை கேட்டபின் அதுவே விருப்பமாக மாறுவதும் உண்டு.

இங்கே அறிவிப்பாளரின் பணியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலியோரின் குரல்கள் இலங்கையிலும் தமிழகத்திலும் வீட்டு உறவினரின் குரல்கள் போல் அறியப்பட்டிருந்தன. அவர்கள் பாட்டை ஒலிக்கவிட்டதோடு நின்றவர்கள் அல்லர். பாட்டை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்பதைச் சொல்லியே தொடங்குவர். ‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆகிய நிகழ்ச்சிகள் கேட்போரின் செவியைப் பழக்கின. இந்தி நேயர்களுக்கு அமீன் சயானி 1952 முதல் வாரந்தோறும் நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’வும் கொழும்பிலிருந்தே எழுந்தது. அறிவிப்பாளர் சந்தையில் காய்கறி தெரிந்தெடுக்கும் மூத்தவர் போன்றவர். நூறு பாட்டைத் தாம் கேட்டு, அவற்றுள் ஒன்றை நேயரின் முன் வைப்பவர். நேயர் அவரை நம்பினார். நம்பியதனால் முன்பு கேளாத ஒன்றையும் பொறுமையோடு கேட்டார். புதிய இசையைக் கண்டடைதல் என்பதன் வேர் இந்த நம்பிக்கையிலேயே இருந்தது.

இந்நம்பிக்கையின் பயனை இந்நாட்டின் சொந்த இசையும் பெற்றது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்தில் தமிழ்ப் பொப் இசை தோன்றியது. மேலைநாட்டுக் கிற்றாரும், போர்த்துக்கீசர் காலத்தின் எச்சமாக இந்நாட்டில் வேரூன்றிய பைலாத் தாளமும், தமிழ்ப் பேச்சு வழக்கும் ஒன்றுகூடிய இசை அது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் அதன் முன்னோடிகள். சபா மேடையும் திரைப்படமும் துணைநில்லாத அவ்விசைக்கு மேடை நிகழ்ச்சியும் இசைத்தட்டும் வானொலியுமே துணையாயின. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உள்ளூர் ஆக்கங்களுக்கு ஓரளவு இடம் விட்டன. மனோகரனால் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ கடலைத் தாண்டித் தமிழகத்துக்குப் போய், 1977 இல் ஒரு தமிழ்த் திரைப்படத்திலும் இடம்பெற்றது. அதே காலத்தில் எம். ஏ. குலசீலநாதன், வி. முத்தழகு முதலியோர் பாடிய ஈழத்து மெல்லிசைப் பாடல்களை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமே ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்பியது. கோடம்பாக்கத்தின் பேரிரைச்சலுக்கு நடுவிலும் இந்நாட்டுப் பாட்டுக்கென ஒரு வேளை ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வேளையே அவ்விசைக்கு உயிர்மூச்சு.

பின்னர் போர் வந்தது. 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் ஓடுவது நின்றது. வடக்கிற்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்றாயிற்று. மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை. எனினும் வானொலி ஒலித்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றுவர். சக்கரத்தை உரசும் டைனமோ 6 வோல்ட் அளவில் மின்சாரம் தரும். அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஆதலால் டயோட் என்னும் சிறு உறுப்பினால் ஒரே திசையில் ஓடச்செய்து வானொலிப் பெட்டிக்குக் கொடுப்பர். ஒருவர் சுழற்ற, சுற்றியிருப்போர் கேட்பர். சுழற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். செய்தியை அறியவே பெரும்பாலும் அவ்வளவு பாடுபட்டனர் எனினும், செய்திக்கு முன்னும் பின்னும் வந்த பாட்டு அவர்களுக்கு விலைமதிப்பற்றதாய் இருந்தது. கை வலிக்கக் கேட்ட பாட்டை மறப்பது எளிதன்று.

அக்காலத்தில் வன்னியில் வெளியிலிருந்து வந்த குரல்களும் இருந்தன. உள்ளிருந்து எழுந்த குரலும் இருந்தது. பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் வந்தது. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 இல் நிறைவுற்றது. 1990 இல் தொடங்கிய ‘புலிகளின் குரல்’ தன் இயக்கத்தின் செய்தியையும் பாடல்களையும் பரப்பியது. ஓமந்தையோ இரு தரப்புக்கும் நடுவே சிக்கியது. 1997 இல் வவுனியாவிலிருந்து தொடங்கிய படையெடுப்பும் 1999 இன் எதிர்த்தாக்குதலும் அவ்வூரைக் கடந்து சென்றன. மக்கள் இடம்பெயர்ந்தனர், பாட்டுக் கேட்ட திண்ணைகள் வெறுமையாயின.

2002 இல் போர்நிறுத்தம் வந்து நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது, நாட்டின் ஒலிபரப்பு முற்றிலும் மாறியிருந்தது. 1990களில் தனியார் வானொலிகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. தமிழில் சூரியன் எப். எம்., சக்தி எப். எம். ஆகியவை 1998 இலேயே எழுந்துவிட்டன; வெற்றி எப். எம். 2008 இல் வந்தது. பண்பலையின் ஒலி தெளிவானது, இரைச்சல் அற்றது. ஆனால் அது மேல் அடுக்கில் பட்டுத் திரும்பாது. ஏறக்குறைய பார்வை எட்டும் தொலைவு வரையே செல்லும். ஆகையால் தொலைவிலுள்ள ஊர்களுக்கு இடையிடையே அஞ்சல் கோபுரங்கள் வேண்டும். கோபுரம் நாட்டுவதற்குப் பணம் வேண்டும். பணம் விளம்பரத்திலிருந்து வரவேண்டும். விளம்பரம் கொடுப்பவர் கூட்டம் மிகுந்த இடத்தையே நாடுவார். கூட்டமோ ஏற்கெனவே அறிந்த பாட்டையே விரும்பும். எனவே புதிதாக வெளிவந்த திரைப்பாடல் நாள்தோறும் பலமுறை ஒலிக்கலாயிற்று. இந்நாட்டுக் கலைஞரின் பாட்டு ஓரத்தில் ஒதுங்கியது. தனியார் நிலையங்கள் இளைஞரைக் கவர்ந்தன என்பதும், புதிய அறிவிப்பாளர் பலரை உருவாக்கின என்பதும் மெய்யே. ஆயினும் அறியாத பாட்டைத் துணிந்து ஒலிபரப்பும் வழக்கம் அருகிவிட்டது.

இக்குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ரொக் இசையை வளர்த்தவை ஊர் தோறும் இருந்த பண்பலை நிலையங்களே. பொஸ்டன் நகரின் டபிள்யூ.பி.சி.என். நிலையம் 1968 இல் ரொக் இசைக்கு மாறி, தன் ஊர்க் குழுக்களுக்கு இடமளித்துப் புகழ்பெற்றது. 1996 இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கு இருந்த உச்ச வரம்பை நீக்கியது. அதன்பின் ஒரே நிறுவனம் 1,200க்கு மேற்பட்ட நிலையங்களைத் தன்வசப்படுத்தியது. ஓரிடத்தில் ஒலிப்பதிவு செய்த அறிவிப்பாளரின் குரல் பல நகரங்களில் ஒலித்தது. தெரிவுப் பட்டியலும் ஒன்றாயிற்று. ஊரில் இருந்துகொண்டு ஊரின் இசையைக் கேட்டறிந்தவர் மறைந்தார். டபிள்யூ.பி.சி.என். 2009 இல் தன் அலைவரிசையை இழந்தது.

ஓமந்தையோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்ச்சி வட அயர்லாந்தின் டெரி நகரில் நடந்தது. அதுவும் உள்நாட்டு மோதலாலும் படையினரின் சோதனைச் சாவடிகளாலும் சூழப்பட்டிருந்த நகரமே. அந்நகரத்து இளைஞர் ஐவரின் ‘அண்டர்டோன்ஸ்’ என்னும் குழு 1978 இல் ஒரு சிறு இசைத்தட்டு வெளியிட்டது. இலண்டனில் பி.பி.சி. முதலாம் வானொலியின் அறிவிப்பாளர் ஜோன் பீல் அதிலிருந்த ‘டீனேஜ் கிக்ஸ்’ என்னும் பாட்டை ஒலிக்கவிட்டார். அதில் மயங்கி, வழக்கத்துக்கு மாறாக மீண்டும் ஒருமுறை உடனேயே ஒலிக்கவிட்டார். மோதலின் செய்தியால் மட்டும் அறியப்பட்ட நகரம் அன்று ஒரு பாட்டாலும் அறியப்பட்டது. பீல் 1967 முதல் 2004 இல் இறக்கும் வரை அப்பணியைச் செய்தார். கேட்டுப் பார்த்துத் தெரிந்தெடுக்கும் ஒருவர், அவருக்கு ஓர் ஒலிவாங்கி, அவரைத் தடுக்காத ஒரு நிறுவனம் — இம்மூன்றும் சேர்ந்தமையே டெரியின் நற்பேறு.

இன்று ஓமந்தையின் நிலை யாது? சோதனைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டது. 2011 இல் ஓமந்தை வரையும், 2013 இல் கிளிநொச்சி வரையும், 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் புகையிரதம் மீண்டும் வந்தது. கைத்தொலைபேசி வயலுக்கும் வந்துவிட்டது. உலகின் பெரிய இசை சேவைகளுள் ஒன்றான ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கையில் தொடங்கப்பெற்றது. யூடியூப் அதற்கும் முன்பே இங்கு பரவியிருந்தது. வாயில்கள் யாவும் திறந்துவிட்டன. பாட்டுக்கோ எல்லையே இல்லை. ஆயினும் எண்ணிறந்த பாட்டுகளுக்கு நடுவே, எதைக் கேட்பது என்று சொல்லுவோரைக் காணோம்.

அவ்விடத்தைக் கணினி நிரப்புகின்றது. அதன் முறை எளிது: ஒருவர் கேட்ட பாட்டுகளையும், அவரைப் போன்ற பிறர் கேட்ட பாட்டுகளையும் ஒப்பிட்டு, அவர்கள் கேட்டு இவர் கேளாததை எடுத்து நீட்டும். பலர் கேட்டதைப் பற்றியே அது நன்கு அறியும். யாரும் கேளாத புதிய பாட்டைப் பற்றி அதற்குச் சான்று மிகக் குறைவு. சான்று குறைந்ததைப் பரிந்துரைக்க அது தயங்கும். பரிந்துரைக்கப்படாதது மேலும் கேளாததாகவே கிடக்கும். பணத்திலும் அவ்வாறே. ஓராண்டில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை 2024 முதல் உரிமைப் பணம் கணக்கிடுவதில்லை. சிற்றூரில் தொடங்கும் கலைஞருக்கு அந்த முதல் ஆயிரமே உயர்ந்த மதில்.

இணையத்தின் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. 2020 இல் வெளிவந்த ‘மெனிகே மகே ஹிதே’ என்னும் சிங்களப் பாடலை 2021 இல் யொஹானி மீண்டும் பாட, அது மொழியறியாத கோடிக்கணக்கானோரின் செவிக்குச் சென்றது. அதே ஆண்டில் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’, திரைப்படத்தின் துணையின்றியே உலகத் தமிழரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த அறிவின் பாட்டியாரின் தலைமுறை அப்பாட்டுக்கு வித்து. இத்தகைய வெற்றி இலட்சத்தில் ஒன்று. காட்டில் பெய்த மழை ஒரு மரத்தை வளர்த்ததென்று வயலுக்கு வாய்க்கால் வெட்டாதிருக்கும் உழவர் வன்னியில் இல்லை.

இழப்பின் அளவை உணர வேண்டுமாயின் வன்னியின் சொந்த இசையை நினைத்தல் வேண்டும். அரிவு வெட்டும்போது பாடும் பாட்டு, குருவிப் பள்ளு, பன்றிப் பள்ளு, முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து ஆகியவை அந்நிலத்தின் செல்வங்கள். வயலை அழிக்கும் குருவியையும் பன்றியையும் பாடிய அப்பாட்டுகள் உழவரின் வாழ்விலிருந்து எழுந்தவை. ஓமந்தையின் இளைஞர் ஒருவர் அத்தாளத்தைக் கிற்றாரோடு சேர்த்துப் புதுப்பாட்டு ஒன்று ஆக்கினால், பைலாவும் தமிழும் கூடிய அன்றைய பொப் இசைக்கு அது தம்பியாகும். இன்று ஆக்குவதற்குத் தடையில்லை. கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கூடம். ஆக்கிய பாட்டை அடுத்த ஊரில் உள்ளவர் எங்கே கேட்பார்? அவர் கையிலுள்ள கருவி நேற்று அவர் விரும்பிய சென்னைப் பாட்டையே இன்றும் நீட்டுகின்றது. பத்துக் கிலோமீற்றர் தொலைவிலிருக்கும் குரல் பத்தாயிரம் கிலோமீற்றர் தொலைவிலிருக்கும் குரலை விட அயலானதாகிவிட்டது.

இதற்கு மாற்று என்ன என்று வினவுவோர்க்கு இந்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மலைநாட்டில் கொத்மலை சமூக வானொலி 1989 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்த் தொடங்கியது. ஊரவரே வந்து பேசினர், பாடினர். 1999 இல் யுனெஸ்கோவின் துணையோடு அங்கே இணைய வசதி அமைந்தபோது புதுமையான ஒரு முறை கையாளப்பட்டது. கணினியைக் கண்டிராத நேயர்கள் தம் கேள்விகளை எழுதி அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை ஊர்மொழியில் வானொலி வழியே விளக்குவார். இணையக் கடலுக்கும் ஊர்த் திண்ணைக்கும் நடுவே ஒரு மனிதர் நின்றார்.

அம்முறை இசைக்கும் பொருந்தும். வாரத்தில் ஒரு மணி நேரம்; வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் புதிதாக ஆக்கப்பெற்ற பாட்டுகள்; அவற்றை முழுதும் கேட்டுத் தெரிந்தெடுக்கும் ஓர் அறிவிப்பாளர்; ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர் — இவ்வளவே வேண்டுவது. பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. விளம்பரத்தை எதிர்பாராது இதனைச் செய்யும் கடமை முதற்கண் பொது ஒலிபரப்பினுடையது. ஒலிபரப்பிய பாட்டையே இணையத்திலும் வைத்தால், அந்த முதல் ஆயிரம் செவிகள் கிடைப்பதற்கும் வழி பிறக்கும். நேயருக்கும் இதில் பங்கு உண்டு. கேட்ட பாட்டு நன்றாயின் ஒரு வரி எழுதிப் போடுதலும், நன்றன்றாயின் அதனையும் சொல்லுதலும் அப்பங்கு. மறுமொழி இல்லாத ஒலிபரப்பு கிணற்றுக்குள் கூப்பிட்ட குரலாகிவிடும்.

துவிச்சக்கர வண்டியின் சக்கரத்தைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் வன்னியில் வாழ்கின்றது. அவர்களிடம் மின்சாரம் இல்லை, தெரிவு இல்லை, ஆனால் ஒருவர் கை வலிக்கச் சுழற்ற மற்றவர் கேட்டனர் என்னும் உறவு இருந்தது. இன்று மின்சாரமும் தெரிவும் நிறைய உண்டு. பிறர் கேட்பதற்காகச் சக்கரத்தைச் சுழற்றும் அந்தக் கை ஒன்றே மீண்டும் வேண்டியிருக்கின்றது.